அழித்த பெயர்

மியூனிக்
ஜனவரி 7, 2024

அன்புள்ள அமானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நான் நலம். அப்பாவின் சர்க்கரை எப்படி இருக்கிறது? அம்மிக்கு மூட்டுவலி இந்தப் பனியில் ஜாஸ்தியாகியிருக்குமே. ஃபராவுக்கு என் சலாம் சொல்.

போன் போட்டால் எல்லாரும் ஸ்பீக்கரைச் சுற்றி உட்கார்ந்துவிடுகிறீர்கள். நிதானமாக ஒரு வார்த்தை பேச முடிவதில்லை. அதனால்தான் மெயில். நீயும் நீளமாக எழுது.

உன் வழக்கு முடிந்ததைக் கேட்டு ஆபீசிலேயே அழுதுவிட்டேன். கிரிவலக் கூட்டத்தில் யாரோ செல்போன் பறித்ததற்கு, பட்டறையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு நடந்துபோன உன்னைக் கேமரா காட்டிவிட்டதென்று பிடித்து ஒன்றரை வருடம் அலைக்கழித்தார்கள். விடுதலை செய்ததோடு, உன் முகத்தைத் திருடர் பட்டியலிலிருந்து அழிக்கச் சொல்லி அந்தக் கேமரா கம்பெனிக்கும் கோர்ட்டு உத்தரவு போட்டதே, அதுதான் எனக்கு நிம்மதி.

என் பக்கத்திலும் நல்ல சேதி. ஒரே தகவலைப் பல ஊர்களில் இருக்கும் கம்ப்யூட்டர்களில் பிரதி எடுத்துவைப்பது, ஒன்று செத்தாலும் மற்றவை வேலையை நிறுத்தாமல் பார்த்துக்கொள்வது, இதுதான் இத்தனை வருடமாக என் ஆராய்ச்சி. நாங்கள் கட்டிய டேட்டாபேஸை இந்தியாவிலும் பல கம்பெனிகள் எடுத்துக்கொண்டிருக்கின்றன. அதன் வேகத்தைக் கூட்ட நான் கண்டுபிடித்த ஒரு வழிக்கு இந்த வருட மாநாட்டில் முதல் பரிசு. என் வேலையை நிரந்தரமாக்கப் பேராசிரியர் பேசிக்கொண்டிருக்கிறார். அம்மியிடம் பக்குவமாகச் சொல். உடனே மாப்பிள்ளை தேட ஆரம்பித்துவிடுவார்கள்.

எனக்காக துஆ செய்.
நூரைன்


அடி அண்ணாமலை
ஜனவரி 30, 2024

அன்புள்ள ஆபாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். எல்லாரும் சுகம். அப்பாவின் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா என்று அம்மி கேட்கச் சொன்னார்கள்.

பரிசு விஷயத்தை அப்பா பள்ளிவாசலில் ஒருத்தர் விடாமல் சொல்லிவிட்டார். “டேட்டாபேஸ்னா இன்னா நூருல்லா?” என்று கேட்டவர்களுக்கு, “கம்ப்யூட்டருக்கு பீரோ மாதிரிப்பா, எம்பொண்ணு செஞ்ச பீரோ உலகம் பூரா நிக்குது” என்று பதில்.

தைப்பூசத்துக்குக் கூட்டம் நெரிந்தது. பட்டறையைக் கொஞ்ச நாளாக மூடிவைத்திருக்கிறேன். இரும்பு நழுவி வலது கை விரல்களில் விழுந்துவிட்டது. பெரிதாக ஒன்றுமில்லை. நான் சொல்லச் சொல்ல ஃபரா டைப் செய்கிறாள், அதனால்தான் எழுத்துப்பிழை கம்மி.

ஒரு சந்தேகம் ஆபா. கம்ப்யூட்டரில் ஒன்றை அழித்துவிட்டால் அது அழிந்ததுதானே? சும்மாதான் கேட்கிறேன்.

உங்கள் தம்பி
அமான்


மியூனிக்
பிப்ரவரி 4, 2024

அன்புள்ள அமானுக்கு,

ஸலாம். அழித்தால் அழிந்ததுதான், அதில் என்ன சந்தேகம்? ஏன் கேட்டாய் என்று எழுது.

நேற்றுப் போனில் உன் குரல் வழக்கம்போல இல்லை. கேட்டதற்கு நெட்வொர்க் சரியில்லை என்றாய். ஃபரா பக்கத்தில் இருந்தும் பேசவில்லை. விரலை எக்ஸ்ரே எடுத்தாயா? நான் அடுத்த வாரம் மாநாட்டுக்குப் போகிறேன். அதற்குள் பதில் போடு. அப்பாவுக்கும் அம்மிக்கும் சலாம்.

நூரைன்


வேங்கிக்கால்
பிப்ரவரி 27, 2024

அன்புள்ள ஆபா,

அஸ்ஸலாமு அலைக்கும். மாமாவும் அம்மியும் நலம். உங்கள் தம்பியைப் பற்றி அப்படி எழுத முடியவில்லை. கலெக்டர் ஆபீசுக்கு எதிரே நான் வேலை பார்க்கும் ஜெராக்ஸ் கடையிலிருந்து இதை அனுப்புகிறேன். இவருக்குத் தெரியாது.

போன மாத மெயிலை டைப் செய்தது நான். இரும்பு நழுவி விழுந்தது என்ற வரியையும் நான்தான் அடித்தேன். எந்த இரும்பும் விழவில்லை. தைப்பூசத்தன்று சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது, ஊருக்கு முன்னால் பௌர்ணமிதோறும் போடும் கேமரா கேட்டில் இவரை நிறுத்தியிருக்கிறார்கள். நேத்ரகவசம் என்ற தனியார் கம்பெனியின் காவல் ஆட்கள். இவர் முகத்தைப் பார்த்ததும் அவர்கள் கையிலிருந்த டேப்லெட் சிவப்பாகித் திருடன் என்று காட்டியிருக்கிறது. பெயரை அழித்துவிட்டதாகக் கம்பெனி கொடுத்த கடிதத்தை நீட்டினார். வல்லரசு என்கிற சூப்பர்வைசர் அதைக் கையில்கூட வாங்கவில்லை. “ஸ்கிரீன் சொல்றது எனக்குப் போதும்” என்று டெண்டுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனான். இவர் கையைக் கேட் கம்பிமேல் வைத்து அழுத்தி லத்தியால் அடித்தார்கள். “இந்தக் கைதானே பறிக்குது” என்று சொல்லிச் சொல்லி அடித்தார்களாம். இரண்டு விரல் எலும்பு நொறுங்கிவிட்டது. இனி வெல்டிங் ராடைப் பிடிக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

கம்பெனியில் போய்ச் சண்டை போட்டோம். பிரசாத் என்று ஓர் இன்ஜினியர். எங்கள் முன்னாலேயே திறந்து பார்த்தார். இவர் பெயர் இருந்தது. “என் கையாலதாங்க அழிச்சேன்” என்று அவரே திகைத்துப்போய் மறுபடியும் அழித்தார்.

போன சனிக்கிழமை மாசிப் பௌர்ணமி. வீடு அந்தப் பாதையிலேயே இருக்கிறது, வேறு வழி கிடையாது. பொம்பளை கூட இருந்தால் கை வைக்கமாட்டார்கள் என்று நானும் போனேன். டேப் மறுபடியும் சிவப்பானது. “போன மாசம் வாங்கினது பத்தலையா?” என்று கேட்டு வல்லரசு இவர் முட்டியில் அடித்தான். கீழே விழுந்ததும் நாலைந்து பேர் பூட்ஸ் காலால் முகத்தில் உதைத்தார்கள். நான் இவர்மேல் விழுந்து மறைத்தேன். என் முதுகிலும் அடி விழுந்தது. கிரிவலம் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். ஒருத்தர், “திருட்டுப் பசங்களுக்கு இது கம்மி” என்று சொல்லிவிட்டு நடந்தார்.

முன்பல் போய்விட்டது. கஞ்சிதான் குடிக்கிறார். வக்கீல் தேவசேனா மூலமாகப் புகார் கொடுத்திருக்கிறோம். உங்களிடம் சொல்லக்கூடாது என்று இவர் சத்தியம் வாங்கியிருக்கிறார். “ஆபாவுக்கு இப்பதான் நல்ல நேரம் வந்துருக்கு, கெடுக்காத” என்கிறார்.

எனக்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டும். அழித்த பெயர் எப்படி ஆபா திரும்பி வருகிறது?

ஃபரா


மியூனிக்
மார்ச் 1, 2024

அன்புள்ள ஃபரா,

ஸலாம். உன் முதுகுக் காயத்துக்கு மருந்து போடுகிறாயா?

பிரசாத்திடம் பேசிவிட்டேன். அவர்கள் பயன்படுத்துவது எங்கள் டேட்டாபேஸ்.

நீ கேட்டதற்குப் பதில் இதுதான். ஒரு பெயரை அழிக்கச் சொன்னால், ‘இது அழிக்கப்பட்டது’ என்று ஓர் அடையாளத்தை எல்லாக் கம்ப்யூட்டர்களுக்கும் அனுப்புவோம். ஒவ்வொன்றும் அதைப் பார்த்துத் தன்னிடம் உள்ள பெயரை நீக்கிவிடும். பிறகு இடத்தை அடைக்காமல் இருக்க அந்த அடையாளத்தையும் துடைத்துவிடுவோம். கேட்டில் வைக்கும் கம்ப்யூட்டர் பெட்டியைப் பௌர்ணமிக்கு மட்டும்தான் ஆன் செய்கிறார்களாம். மற்ற நாள்களில் குடோனில் கிடக்கிறது. அது அடுத்த பௌர்ணமிக்குக் கண் விழிக்கும்போது, அழித்த அடையாளம் எந்தக் கம்ப்யூட்டரிலும் மிச்சமில்லை. ஆனால் அமான் பெயர் அந்தப் பெட்டிக்குள் அப்படியே இருக்கிறது. இது தங்களுக்கு வராமல் விட்டுப்போன பெயர் என்று நினைத்து மற்ற எல்லாம் அதை வாங்கி எழுதிக்கொள்கின்றன. எத்தனை முறை அழித்தாலும் அடுத்த பௌர்ணமிக்கு வரும்.

அந்த அடையாளத்தை யாரும் துடைக்காத வேகத்தில் துடைக்கும் வழியைக் கண்டுபிடித்ததற்குத்தான் எனக்குப் பரிசு கொடுத்தார்கள்.

இதைச் சரிசெய்யும் முறையை எழுதி பிரசாத்துக்கு அனுப்பிவிட்டேன். பங்குனிப் பௌர்ணமிக்குள் சரியாகிவிடும் என்று உறுதி சொன்னார். ஆனாலும் அன்றைக்கு அமானைப் பட்டறையிலேயே தங்கச் சொல். நீ எழுதியதாக அவனிடம் சொல்லமாட்டேன்.

நூரைன்


செங்கம் ரோடு
மார்ச் 28, 2024

ஆபாவுக்கு,

ஸலாம். ஃபரா எல்லாவற்றையும் எழுதிவிட்டாள் என்று தெரியும். உங்கள் பதிலையும் படித்தேன். இடது கையால் டைப் செய்கிறேன்.

நீங்கள் சொன்னபடி பௌர்ணமிக்குப் பட்டறையிலேயே இருந்தேன். நோன்பு திறக்க அப்பா எனக்குத் தூக்குச்சட்டியில் கஞ்சி எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்கிறார். அவர் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை, நேராக வந்திருக்கலாம். கேட்டில் நின்று வல்லரசுவிடம், “எம்பையன் பேரு போயிடுச்சான்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க தம்பி, எம்பொண்ணே ஜெர்மனியில இருந்து சரிபண்ணிட்டா” என்று கேட்டிருக்கிறார். அவன் டேப்பில் தட்டிப் பார்த்தான். அதில் நான் இருந்தேன்.

“அவனை எங்கடா ஒளிச்சு வெச்சிருக்க?” என்று கேட்டுத் தூக்கைத் தட்டிவிட்டிருக்கிறான். அப்பா குனிந்து எடுக்கப் போனபோது காதோடு சேர்த்து லத்தியால் அடித்தான். அப்பா கம்பித் தடுப்பில் மோதி விழுந்தார். பகல் முழுக்க ஒரு வாய்த் தண்ணீர் குடிக்காத உடம்பு. கறிக்கடைக்காரர் ஒருத்தர் ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். மண்டையில் தையல். வலது காது போய்விட்டது. பேச்சு பாதி வந்து நின்றுவிடுகிறது. என்னை ‘நூரைன்’ என்று கூப்பிடுகிறார்.

சரியாகிவிடும் என்று எழுதியிருந்தீர்கள்.

அமான்


மியூனிக்
ஏப்ரல் 3, 2024

அன்புள்ள அமானுக்கு,

ஸலாம். அப்பாவின் ஸ்கேனை இங்கே ஒரு டாக்டரிடம் காட்டினேன். பேச்சு மெதுவாகத் திரும்பும் என்கிறார். எனக்கு டிக்கெட் எடுத்துக்கொண்டு ஓடிவர வேண்டும் போலிருக்கிறது. ஆனால் இங்கே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது.

நான் அனுப்பிய திருத்தத்தைப் போட வேண்டுமானால் கேமராக்களை இரண்டு நாள் நிறுத்த வேண்டும். சித்ரா பௌர்ணமிக் கூட்டம் முடியட்டும் என்று நேத்ரகவசம் முதலாளிகள் தள்ளிவைத்துவிட்டார்கள். பிரசாத்தான் இதைச் சொன்னார். பேராசிரியரிடம் போனேன். நேத்ரகவசம் எங்கள் ஆய்வுக்கூடத்துக்குப் பணம் தருகிறதாம். உள்ளுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளலாம், வெளியில் எழுதாதே என்றார்.

எழுதிவிட்டேன். தவறு எங்கே இருக்கிறது, அதில் என் கண்டுபிடிப்பின் பங்கு என்ன, உன்னைப் போல எத்தனை பேர் திரும்பி வந்திருக்கக்கூடும் என்று எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாக எழுதிக் கையெழுத்துப் போட்டு வக்கீல் தேவசேனாவுக்கு அனுப்பியாகிவிட்டது. கோர்ட்டுக் கோடை விடுமுறைக்கு முன்பே விசாரணைக்கு வரும் என்கிறார்.

அதுவரைக்கும் ஒரே ஒரு பௌர்ணமி. அன்றைக்கு அந்தப் பக்கம் போகாதே. பெருநாளுக்குப் புதுச்சட்டை எடுத்துக்கொள். என் வேலையைப் பற்றிக் கவலைப்படாதே, நன்றாகப் போகிறது.

ஆபா


வேங்கிக்கால்
ஏப்ரல் 26, 2024

அன்புள்ள ஆபா,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்கள் சுகமாக இருக்க வேண்டும். இதை உட்கார்ந்து படியுங்கள்.

சித்ரா பௌர்ணமியன்று மத்தியானம் மாமாவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். அவர் வாயிலிருந்து எல்லாம் வழிந்துவிட்டது. இவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து, கதவுக்குப் பின்னால் வைத்திருந்த இரும்புக் கம்பியை இடது கையில் எடுத்துக்கொண்டு வெளியே போனார். நான் தட்டை வைத்துவிட்டு ஓடினேன். கையைப் பிடித்தேன். உதறிவிட்டார்.

கேட்டில் கம்பியைக் காலோடு ஒட்டி வைத்துக்கொண்டு நின்றார். டேப் சிவப்பானது. வல்லரசு இவரை ஏற இறங்கப் பார்த்தான். அவன், “இன்னைக்குக் கூட்டம் ஜாஸ்தி, எனக்கு முடியல. போய்த் தொல” என்று கையை ஆட்டிவிட்டுத் திரும்பி நடந்தான்.

அவன் போகச் சொல்லிவிட்டான் ஆபா. முதுகைக் காட்டி நடந்துகொண்டிருந்தான். இவர் பின்னாலேயே போய் மண்டையில் அடித்தார். அவன் மண்டியிட்டு விழுந்தான். மறுபடியும் அடித்தார். அவன் கையைத் தூக்கி மறைத்தான், அந்தக் கையை அடித்தார். எலும்பு உடையும் சத்தம் எனக்குக் கேட்டது. இவர் கோபப்பட்டவர் மாதிரியும் இல்லை. பட்டறையில் வேலை செய்கிற மாதிரி அடித்துக்கொண்டே இருந்தார். என் துப்பட்டாவில் ரத்தம் தெறித்தது. அப்புறம் மற்ற காவல்காரர்களும் கூட்டமும் சேர்ந்து இவரைத் தூக்கிப்போட்டு அடித்தார்கள். போலீஸ் வந்துதான் பிரித்தது.

வல்லரசு பிழைத்துக்கொள்வானாம். இடது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. இவரை ரிமாண்ட் செய்திருக்கிறார்கள். கொலை முயற்சி வழக்கு.

அம்மி தொழும் முஸல்லா விரிப்பை விட்டு எழுந்திருக்கவில்லை. எனக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை.

ஃபரா


மியூனிக்
ஏப்ரல் 29, 2024

அன்புள்ள ஃபரா,

ஸலாம். அம்மியை உன் பக்கத்திலேயே படுக்கவைத்துக்கொள்.

தேவசேனாவிடம் பேசினேன். நான் எழுதுவதைக் கவனமாகப் படி. அங்கே இருந்தவர்கள் வெளியூர்க்காரர்கள், கலைந்துபோய்விட்டார்கள். மற்ற காவல்காரர்கள் அடி விழுந்த பிறகுதான் டெண்டிலிருந்து ஓடிவந்தார்கள். கேமரா கேட்டில் நிற்பவர்களின் முகத்தை மட்டும்தான் எடுக்கும், பின்னால் நடந்தது அதில் இல்லை. முழுதாகப் பார்த்தவள் நீ ஒருத்திதான். வல்லரசு முதலில் லத்தியை ஓங்கினான், இவர் தடுக்கப் போய் அடித்துவிட்டார் என்று நீ சொன்னால் வழக்கின் போக்கே மாறிவிடும். அவன் முன்பு இரண்டு முறை ஓங்கியவன்தானே. யாரும் நம்பாமல் இருக்கமாட்டார்கள்.

நான் என் வாழ்நாளில் யாரையும் பொய் சொல்லச் சொன்னதில்லை. இப்போது கேட்கிறேன். அவன் என் தம்பி. இதையெல்லாம் தொடங்கிவைத்தது நான்.

நூரைன்


வேங்கிக்கால்
மே 12, 2024

அன்புள்ள ஆபா,

அஸ்ஸலாமு அலைக்கும். மாமா இப்போது ‘தண்ணி’, ‘போதும்’ என்று தெளிவாகச் சொல்கிறார். அம்மி கொஞ்சம் சாப்பிடுகிறார்கள்.

பதில் எழுத நாளாகிவிட்டது. நீங்கள் கேட்டதை நான் யோசிக்காமல் இல்லை. கண்ணாடி முன்னால் நின்று சொல்லிக்கூடப் பார்த்தேன். நன்றாகத்தான் வந்தது.

மாமாவின் காதைக் காட்டக் கூட்டிப்போன அன்று, ஆஸ்பத்திரி வராந்தாவில் என் பக்கத்தில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். என் வயசுதான் இருக்கும். நான் யார் என்று தெரிந்துதான் வந்திருக்கிறாள். “நீதானே கூட இருந்தே? எங்க வூட்டுக்காரரு இன்னா பண்ணாரு அன்னைக்கு? அவரால சொல்ல முடியல” என்று கேட்டாள். வல்லரசுவின் மனைவி. மாமாவின் காதையும் இவர் விரல்களையும் பற்றி அவளிடம் கத்த வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். அதையும் சொன்னேன். ஆனால் கேட்டதற்கும் பதில் சொல்லிவிட்டேன். “போகச் சொல்லிட்டுத் திரும்பினாரு. இவருதான் பின்னாடி இருந்து அடிச்சுட்டாரு.” அவள் தலையை ஆட்டிக்கொண்டு எழுந்து போனாள்.

இனிமேல் வேறு மாதிரி சொல்ல எனக்கு வராது. இன்னொன்றும் இருக்கிறது. உங்கள் பத்திரமும் என் சாட்சியும் ஒரே கோர்ட்டுக்குத்தான் போகின்றன. நான் பொய் சொல்லி மாட்டினால், அந்தக் குடும்பமே பொய் சொல்லும் என்று நேத்ரகவசம் வக்கீல் உங்களையும் சேர்த்து அடித்துவிடுவான். அந்தப் பட்டியலில் திரும்பி வந்தவர்கள் இன்னும் எத்தனை பேரோ.

இவர் என்னை மன்னிப்பாரா என்று தெரியாது. நீங்கள் மன்னித்துவிடுங்கள்.

ஃபரா


சிறையிலிருந்து
ஜூலை 20, 2024

அன்புள்ள ஆபாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இதைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவார்கள். இடது கை எழுத்து, பொறுத்துக்கொள்ளுங்கள். உடம்பு சுமார்.

கேமரா கேட்டுகளை எடுக்கச் சொல்லிக் கோர்ட்டு உத்தரவு போட்டதைத் தேவசேனா வந்து சொன்னார். உங்கள் பத்திரத்தை ஜட்ஜ் வரிவரியாகப் படித்தாராம். என்னைப் போலத் திரும்பி வந்தவர்கள் நிறையப் பேராம். ஒருத்தர் இரண்டு வருடத்துக்கு முன்பே இறந்துபோனவராம். உங்களை வேலையை விட்டு அனுப்பிவிட்டதையும் சொன்னார். நீங்கள் அதை எழுதவே இல்லை.

ஃபரா போலீசில் சொன்னதைப் படித்துக் காட்டினார்கள். அவள் சொன்னதுதான் நடந்தது. முதலில் அவளைப் பார்க்கமாட்டேன் என்று திருப்பி அனுப்பினேன். போன வாரம் பார்த்தேன்.

இங்கே என்னை யாரும் அடிப்பதில்லை. என் வழக்கைக் கேள்விப்பட்டுத் தள்ளி உட்காருகிறார்கள். சாப்பாட்டு வரிசையில் வழி விடுகிறார்கள். அந்தக் கேட்டில் பெயரைப் பார்த்து என்னை என்னவாக நினைத்தார்களோ, அதையேதான் இவர்களும் நினைக்கிறார்கள். அப்போது அது நான் இல்லை என்று கத்த முடிந்தது.

இனி என் பெயரை எங்கே வைத்திருந்தாலும் அழிக்கச் சொல்லிக் கேட்காதீர்கள்.

அமான்


அடி அண்ணாமலை
ஆகஸ்ட் 21, 2024

அன்புள்ள ஆபா,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்கள் அடுத்த மாதம் ஒரேயடியாக வந்துவிடுவதாகச் சொன்னதிலிருந்து அம்மி மாடி அறையைக் கழுவிக்கொண்டே இருக்கிறார்கள். வேலூரில் காலேஜ் வேலை சம்பளம் கம்மிதான், ஆனால் அங்கேயே ஜெயிலில் இருக்கும் இவரை வாரத்துக்கு ஒரு முறை பார்க்க முடியும் என்று நீங்கள் சொன்னதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். இவர் வழக்கு இன்னும் விசாரணைக்கு வரவில்லை. மூன்றாவது முறையாக ஜாமீன் இல்லை என்றுவிட்டார்கள்.

நேற்று முன்தினம் பௌர்ணமி. மாமா ரொம்ப நாளைக்குப் பிறகு பட்டறையைப் பார்க்க வேண்டும் என்றார். பட்டறையை வாடகைக்கு விடப் பேசியிருக்கிறோம், அதற்குள் ஒரு தடவை பார்க்கட்டும் என்று சாயங்காலம் கைப்பிடித்துக் கூட்டிப்போனேன். கூட்டம் நல்ல கூட்டம். கேட் இருந்த இடத்தில் இப்போது ஒருத்தர் இளநீர் விற்கிறார். தரையில் கம்பி நட்ட குழிகள் மட்டும் இருக்கின்றன.

அந்த இடத்துக்கு வந்ததும் மாமா நின்றுவிட்டார். முகத்தை நிமிர்த்தி, கேமரா இருந்த உயரத்தைப் பார்த்துக்கொண்டு அசையாமல் நின்றார். பின்னால் வந்தவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். “கேட்டு இல்ல மாமா, எடுத்துட்டாங்க, வாங்க போலாம்” என்றேன். கேட்கிற காதுப்பக்கம் போய் மறுபடியும் சொன்னேன். அவர் நகரவில்லை.

இளநீர்க்காரர் கொஞ்ச நேரம் பார்த்தார். என்ன புரிந்ததோ தெரியவில்லை. எழுந்து வந்து மாமா முன்னால் நின்று, “நீங்க போலாம் பாய்” என்றார்.

அதற்குப் பிறகுதான் காலை எடுத்து வைத்தார்.

ஃபரா